ஊர், நான்கு

1

எங்கள் போளூர்ப் பள்ளி நண்பர்கள் குழுவில் ஒரு செய்தி வந்தது. ஆண்டு மலருக்காக, கடல் கடந்து வாழும் தோழர்கள் தங்கள் அனுபவங்களை எழுதி அனுப்ப வேண்டுமாம். கனடாவில் இருப்பவன் பனியைப் பற்றி எழுதுவான். துபாயில் இருப்பவன் வெயிலைப் பற்றி எழுதுவான், போளூரில் வெயிலே அடிக்காதது போல. பெங்களூருக்கு வந்து இந்த மாதத்தோடு பன்னிரண்டு வருஷம் ஆகிறது, நானும் எழுதட்டுமா என்று கேட்டேன். மலரின் ஆசிரியர் தண்டபாணி என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். உடனே பதில் போட்டான்.

"காலைல பஸ் ஏறினா மத்தியானம் சாப்பாட்டுக்கு இங்க வந்துடற. அதெல்லாம் வெளிநாடா?"

கடல் கடக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓசூரைக் கடந்திருக்கிறேன். பொங்கல் லீவு முடிந்த சாயங்காலம் கர்நாடக எல்லையான அத்திப்பள்ளி சுங்கச்சாவடியில் வண்டியோடு நின்றவனைக் கேட்டால் கடலே தேவலாம் என்பான். அதனால் தண்டபாணி போட்டாலும் போடாவிட்டாலும் எழுதுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் பெயர். என் பெயர் ஏழுமலை. இந்தப் பெயர் அத்திப்பள்ளியைத் தாண்டி முழுசாக வந்ததே இல்லை. பொம்மசந்திராவில் நான் தரக்கட்டுப்பாடு பார்க்கும் தொழிற்சாலையில் 'ஏளு' என்றுதான் கூப்பிடுவார்கள். கன்னடத்தில் ஏளு என்றால் ஏழு. எழுந்திரு என்றும் அர்த்தம். ஆகவே யாராவது என்னை அன்போடு அழைக்கும்போதெல்லாம் நான் பாதி எழுந்துவிடுகிறேன். புதிதாகச் சேர்ந்த பையன்கள் 'செவன் சார்' என்கிறார்கள். மலை போயே போய்விட்டது.

சேதாரம் என் பக்கமும் உண்டு. போன பொங்கலுக்குப் போளூர் வந்திருந்தபோது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஸ்வீட் ஸ்டாலில் மிக்சர் வாங்கினேன். "வேற எதனா வேணுமா சார்?" என்றார் கடைக்காரர். பன்னிரண்டு வருஷப் பழக்கம், வாயில் "பேட" என்று வந்துவிட்டது. கன்னடத்தில் வேண்டாம் என்பதற்கு அதுதான் சொல். அவர் கால் கிலோ பேடா நிறுத்துக் கட்டிக் கொடுத்தார். சொந்த ஊரில் பாஷை தெரியாதவனாக நிற்க வெட்கமாக இருந்தது, பேசாமல் வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கு எது வேண்டாம் என்றாலும் "கால் கிலோ பேடா" என்றுதான் பதில். இன்னொரு கரண்டி உப்புமா? கால் கிலோ பேடா.

2

வீட்டில் நாங்கள் மூன்று பேர், பெங்களூர் அடுகோடியில் வாடகைக்கு. மனைவி சுமதி ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கணக்குப் பார்க்கிறாள். மகள் ஓவியா ஆறாம் வகுப்பு. போளூரில் இருக்கும் என் அப்பாவோடு ஞாயிறுதோறும் போனில் பேசுவாள். ஒருநாள், சாப்பிட்டாயிற்றா என்பதைத் தன் சிநேகிதிகளிடம் கேட்பது போலவே, "தாத்தா, ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்டுவிட்டாள். அப்பா, "ஊட்டிக்கா? இங்க யாரும் போகலியே கண்ணு" என்றார்.

சுமதியும் ஓவியாவும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளையின் தமிழ் கைநழுவிப் போகிறது, நாம் ஊர் திரும்பியாக வேண்டும் என்று அன்றைக்கே அறிவித்தேன். இது நான் வருஷத்துக்கு மூன்று தடவை அறிவிப்பதுதான். ஆனால் இந்தத் தடவை கையில் ஆயுதம் இருந்தது. எங்கள் கம்பெனி சென்னைப் பக்கம் ஒரகடத்தில் புதுத் தொழிற்சாலை திறக்கிறது. வருகிறாயா என்று மேலதிகாரி கேட்டிருந்தார். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"என் வேலைய யாரு ஒரகடத்துக்கு மாத்தித் தருவாங்க?" என்றாள் சுமதி. "அவ ஸ்கூலு, அவ ஃபிரண்ட்ஸு?"

"தமிழ் முக்கியமில்லையா?" என்றேன். வேறு வாதம் எதுவும் எடுபடாதபோது நான் தமிழை எடுப்பது வழக்கம்.

ஊர் திரும்பும் விஷயத்தில் என் நேர்மையை யாரும் சந்தேகிக்க முடியாது. என் கார் சித்தப்பாவிடம் வாங்கியது, இன்றுவரை தமிழ்நாட்டு நம்பரில்தான் ஓடுகிறது. நாளைக்கே கிளம்பிவிடப் போகிறவன் எதற்கு நம்பர் மாற்ற வேண்டும்? ஒருமுறை மாற்றப் போனேன் என்பதும் உண்மை. அங்கே தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, நடுவில் முகவரியையும் நிரூபிக்க வேண்டும். ரேஷன் கார்டு போளூரில் இருக்கிறது. ஆதாரில் என் பெயரில் 'ழ' இருக்கிறது, வாடகை ஒப்பந்தத்தில் 'ல' இருக்கிறது. ஏழுமலையும் ஏலுமலையும் ஒரே ஆள்தான் என்று மூன்றாவது ஆள் ஒருவர் உறுதி சொல்ல வேண்டும் என்றார்கள். இதற்குக் கனடாவே சுலபம் என்று திரும்பி வந்துவிட்டேன்.

ஞாயிறு மதியம் நண்பன் பாஸ்கர் வீட்டில் ஒரு விளையாட்டுக்கு அழைப்பு. சொற்களைக் கூட்டம் சேர்த்துக் கண்டுபிடிக்கும் விளையாட்டு, முழுக்க முழுக்கத் தமிழில். சுமதி தலையை வாரிக்கொண்டே ஒரு பந்தயம் கட்டினாள்.

"இன்னிக்கி ஓவியாவும் தலைவரா ஆடட்டும். ஜெயிச்சுட்டான்னா அவளுக்குத் தமிழ் இருக்குன்னு அர்த்தம். ஒரகடம் வேணாம்னு சொல்லிடணும்."

"தோத்துட்டா?"

"நீங்க சொல்றபடி மூட்டை கட்டறேன். அவகிட்ட மட்டும் இதச் சொல்லாதீங்க."

எழுத்துக் கூட்டிக் கூட்டித் தமிழ் படிக்கிற பெண். நான் சட்டென்று ஒப்புக்கொண்டேன்.

3

பாஸ்கர் தஞ்சாவூர்க்காரன். மென்பொருள் கம்பெனியில் வேலை. வாரம் ஐந்து நாள் ஆங்கிலம் பேசிச் சேரும் பாவத்தை ஞாயிற்றுக்கிழமை தமிழில் கழுவுகிறவன். பொம்மசந்திரா பக்கம் பதினோராவது மாடியில் குடியிருக்கிறான். அவன் மனைவி மீனா. இவர்களோடு என் தொழிற்சாலையில் போக்குவரத்துப் பிரிவைப் பார்க்கும் பிரகாஷ். பிரகாஷின் தாத்தாவுக்குத் தாத்தாவே பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பிறந்தவராம். அவன் தமிழில் கன்னடமும் உருதுவும் இஷ்டத்துக்கு வந்து போகும்.

விளையாட்டு இதுதான். மேஜையில் இருபத்தைந்து அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லோடு. இரண்டு அணி. எந்த அட்டை எந்த அணிக்குச் சொந்தம் என்பது இரண்டு தலைவர்களுக்கு மட்டும் தெரியும். அதற்கான படம் அவர்கள் கையில் இருக்கும். தலைவர் ஒரே ஒரு சொல்லும் ஓர் எண்ணும் சொல்லலாம், அதற்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது. 'சமையல், மூன்று' என்றால் சமையலோடு சேர்கிற மூன்று அட்டைகளை அணியினர் ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். தங்கள் அட்டைகளை முதலில் தொட்டு முடிக்கிற அணிக்கு வெற்றி. அடுத்தவர் அட்டையையோ யாருக்கும் சேராத அட்டையையோ தொட்டால் ஆட்டம் எதிரணி கைக்குப் போகும். ஒரே ஓர் அட்டை மட்டும் வெடி. அதைத் தொட்டால் அங்கேயே தோல்வி.

பாஸ்கர் இதற்கு மேல் ஒரு சட்டம் சேர்த்தான். யார் ஆங்கிலத்தில் பேசினாலும் எல்லோருக்கும் டீ போட்டுக் கொண்டுவர வேண்டும்.

"ஓகே" என்றேன். முதல் டீ நான் போட்டேன்.

திரும்பி வந்தபோது ஆட்டம் தொடங்கியிருக்கவில்லை. வெடிக்கு அடையாளமாகப் படத்தில் இருக்கும் நிறத்தை 'கறுப்பு' என்பதா 'கருப்பு' என்பதா என்று பாஸ்கர் விளக்கிக்கொண்டிருந்தான். டீ ஆறியது. "இன்னா குரு, எந்த 'று' போட்டாலும் வெடிக்கும்ல? உடு" என்று பிரகாஷ் சொன்ன பிறகுதான் அட்டைகள் மேஜைக்கு வந்தன.

அட்டைகளை எழுதியதும் பாஸ்கர்தான். ஏரி, தேர், மதில் என்று அழகாகத் தொடங்கியிருந்தான். பாதியில் ஏதோ கூட்டம் என்று கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிட, மிச்சத்தை மீனா எழுதி முடித்தாளாம். அதனால் குக்கர், சிக்னல், ஸ்வெட்டர் எல்லாம் தனித்தமிழ் ஆட்டத்தில் இடம் பிடித்திருந்தன.

நானும் ஓவியாவும் பிரகாஷும் ஓர் அணி, மற்ற மூவரும் எதிரணி. முதல் ஆட்டத்தில் எங்கள் அணிக்கு நான் தலைவர். பேருந்து, பெட்டி, கடிதம் மூன்றையும் ஒரே சொல்லில் கட்டினேன். "புலம்பெயர்வு, மூன்று."

பிரகாஷ் யோசித்தான். "புலம்பல்னா..." என்று சொல்லி 'மாமியார்' அட்டையைத் தொட்டான். அதுவும் எங்கள் அட்டையாகவே இருந்தது, தற்செயலாக. ஆனாலும் அந்த ஆட்டத்தில் தோற்றோம். ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணல் என்பார்கள். நான் அணியைக் குறை சொன்னேன்.

4

இரண்டாவது ஆட்டத்துக்கு ஓவியா எங்கள் தலைவர். எதிரணித் தலைவர் சுமதி. தாயும் மகளும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்த்தார்கள். ஓவியா அட்டைகளை உதடு அசைய அசையப் படித்தாள். சுமதியின் முகத்தைப் பார்த்தேன், எதிரணித் தலைவர் மாதிரியே இல்லை. தன் அணி தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் ஒரே தலைவர் அவளாகத்தான் இருக்கும்.

சொல்லக் கூடாது, பெண் நன்றாகவே ஆடினாள். "பல், இரண்டு" என்றாள். சீப்பும் பூண்டும் வந்தன. எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் நிறைய கவலையாகவும் இருந்தது. ஒரகடம் என் கண் முன்னால் தூரம் போய்க்கொண்டிருந்தது. எங்களுக்கு நான்கு அட்டை பாக்கி, அவர்களுக்கு இரண்டு. அப்போது ஓவியா படத்தைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள், திடீரென்று முகம் மலர்ந்தது.

"ஊர், நான்கு" என்றாள்.

நாலையும் ஒரே சொல்லில் கட்டிவிட்டாள்! எனக்கு அந்தக் கணத்தில் பந்தயம் மறந்துபோனது. ஊர் என்கிறாள். என் மகள். ஊட்டா ஆய்த்தா என்று கேட்ட பெண்ணின் மனசுக்குள் ஊர் இருக்கிறது பாருங்கள். போளூர் ஏரியை நினைத்து 'ஏரி'யைத் தொட்டேன். சரி!

"பாத்தியா?" என்றேன் சுமதியிடம்.

பிரகாஷ் என் கையைப் பிடித்தான். "குரு, அடுத்தது குழி. ஊர்ல எங்க பாத்தாலும் குழி தானே."

"உனக்கு ஏதுய்யா ஊரு? நீ இங்கயே பொறந்தவன், பேசாம இரு."

"இது நல்லா கீது. பொறந்தவனுக்கு ஊரு இல்ல, பஸ் ஏறி வந்தவனுக்குத்தான் ஊரா?"

நான் அவனைப் பொருட்படுத்தவில்லை. ஊர் என்றால் திருவிழா, திருவிழா என்றால் தேர். தொட்டேன். அது எதிரணி அட்டை.

சுமதிக்கு இன்னும் ஒரே ஒரு அட்டை. "விசில், ஒன்று" என்றாள். மீனா, "குக்கர்" என்று கையை நீட்டினாள். பாஸ்கர் தடுத்துவிட்டான். "அவ்வளவு எளிதா இருக்காது. நடத்துநர் என்ன செய்வார்? விசில் அடிப்பார்" என்று 'பேருந்து' அட்டையைத் தொட்டான். தவறு. மீனா காலி டம்ளர்களை எடுத்து அடுக்கினாள்.

மறுபடி எங்கள் முறை. ஓவியா என்னையே பார்த்தாள். நிதானமாக, காது கேளாதவருக்குச் சொல்வது போல, "ஊர், மூன்று" என்றாள்.

"குழி" என்றான் பிரகாஷ்.

நான் மேஜையைத் துழாவினேன். குழி, சிக்னல், ஸ்வெட்டர், வெயில், குக்கர், மதில். இதில் எதைப் பார்த்தால் போளூர் ஞாபகம் வரும்? சித்திரை மாதத்தில் செருப்பில்லாமல் நடந்தவனிடம் இப்படி ஒரு கேள்வியா? விரலை 'வெயில்' மேல் கொண்டுபோனேன்.

"நல்லா யோசிச்சீங்களா?" என்றாள் சுமதி. குரல் ஒருமாதிரி இருந்தது.

"தலைவர் பேசக் கூடாது" என்று அதட்டிவிட்டுத் தொட்டேன்.

வெடி.

ஓவியா படத்தை மேஜையில் போட்டாள். "அப்பா!" என்றாள். பிறகு குழியையும் சிக்னலையும் ஸ்வெட்டரையும் எடுத்து என் முன்னால் வரிசையாக வைத்தாள்.

"ஸ்வெட்டர் எப்படிம்மா ஊராகும்?" என்றேன். "போளூர்ல ஸ்வெட்டர் போட்டா டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போவாங்க."

"போளூர் எங்கப்பா வந்துச்சு? நான் ஊருன்னுதானே சொன்னேன்?"

"ஊருன்னா போளூர்தானே?"

"அது அப்பா ஊரு. அது ரெண்டு வார்த்தை. ரூல்ஸ்ல ஒரு வார்த்தைதான் சொல்லணும்."

"ரூல்ஸ் இல்ல, விதிமுறை. டீ போடு" என்றான் பாஸ்கர்.

அவளுக்குப் பதிலாக நானே எழுந்து போனேன்.

அடுப்படிக்குச் சுமதி பின்னாலேயே வந்தாள். நான் பாலைப் பார்த்துக்கொண்டு, "பந்தயப்படி அவ தோத்துட்டா" என்றேன். சொல்லும்போதே எனக்கு அசிங்கமாக இருந்தது.

"அவ சொன்ன வார்த்தைல எங்க தப்பு? காட்டுங்க" என்றாள். "பிரகாஷ் அண்ணனுக்குப் புரிஞ்சுது. எனக்குப் புரிஞ்சுது. தமிழ் புரியாம தோத்தது நீங்க."

பால் பொங்கி வழிந்தது.

5

திரும்பும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. ஓசூர் ரோட்டிலிருந்து சர்வீஸ் ரோட்டில் இறங்கியதும் பின் சீட்டிலிருந்து ஓவியா, "அப்பா, குழி" என்றாள். ஒடித்தேன். கொஞ்ச தூரம் போனதும், "லெஃப்ட்ல குழி" என்றாள். தண்ணீர் தேங்கியிருந்தது, எனக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் அவள் சொன்ன இடத்திலெல்லாம் குழி இருந்தது. நான் பன்னிரண்டு வருஷமாகத் திட்டிக்கொண்டே ஓட்டிய ரோடு அவளுக்கு மனப்பாடம்.

அடுத்த சிக்னலில் போலீஸ்காரர் கையைக் காட்டினார். தமிழ்நாட்டு நம்பரைப் பார்த்தால் காட்டுவார், வழக்கம்தான். கண்ணாடியை இறக்கினேன். அவர் குனிந்து, மரியாதையாகவே கேட்டார்.

"யாவ ஊரு சார்?"

எந்த ஊர் என்கிறார். போளூர் என்று என் வாய் குவிந்துவிட்டது. அதற்குள் பின்னாலிருந்து பதில் போய்விட்டது.

"அடுகோடி அங்கிள்."

போலீஸ்காரர் அவளைப் பார்த்தார், நம்பர் பலகையைப் பார்த்தார். ஊர் அடுகோடியானால் நம்பர் ஏன் தமிழ்நாடு என்று கன்னடத்தில் கேட்டார். நான் தடையில்லாச் சான்றிலிருந்து ஆரம்பிக்கலாமா என்று யோசிப்பதற்குள் ஓவியா சரளமாக முடித்துவிட்டாள்.

"முந்தின வார சேஞ்ச் மாடிஸ்தாரே அங்கிள்."

நம்பரை மாற்றிவிடுவேனாம். போலீஸ்காரர் சிரித்துவிட்டுப் போகச் சொன்னார். எனக்குக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் புரிந்தது. கன்னடத்தில் 'முந்தின வாரம்' என்றால் வருகிற வாரம். நமக்கோ அது போன வாரம். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நான் பின்னால் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பின் சீட்டில் இருப்பவள் முன்னால் பார்க்கிறாள்.

கோபம் வரவில்லை. பயமாகத்தான் இருந்தது. இவளை ஊருக்கு அழைத்துப் போகிறேன் என்று சொல்லிச் சொல்லி, இவளுக்கு ஒரு ஊர் இருக்கிறது என்பதையே மறந்திருக்கிறேன். கனடாக்காரன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாடு விட்டு நாடு போனான் என்று நாம் பேசிக்கொள்கிறோம். நானும் அதைத்தான் செய்யவிருந்தேன், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு. அவள் ஒரகடத்தில் உட்கார்ந்து, பெங்களூர் மழையைப் பற்றிக் குறிப்புகள் எழுதியிருப்பாள்.

"அப்பா, குழி!"

இந்த முறை விழுந்தேவிட்டோம்.

6

இதைக் கடல் கடந்தோர் பகுதியில் போடுவதா, உள்ளூர்ச் செய்தியில் போடுவதா என்பதைத் தண்டபாணியே முடிவு செய்துகொள்ளட்டும். மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை காலை மேலதிகாரி என் மேஜைக்கே வந்தார். ஹுப்பள்ளிக்காரர், சுற்றி வளைக்கத் தெரியாத மனிதர்.

"ஏளு! ஒரகடம் பேகா, பேடவா?"

வேண்டுமா, வேண்டாமா. அவ்வளவுதான் கேள்வி. வழக்கம்போலப் பாதி எழுந்தேன். பாதியில் நிற்பது இடுப்புக்கு நல்லதில்லை என்று முழுசாக எழுந்து நின்று பதில் சொன்னேன்.

சாயங்காலம் அடுகோடி முனையில் ஸ்வீட் ஸ்டால் முன்னால் காரை நிறுத்தினேன். கடைப் பையனிடம் நான் கேட்டது அவனுக்கு ஒரே தடவையில் புரிந்தது.

வீட்டில் சுமதி கணினியைத் திறந்து வைத்து, ஒரகடம் பக்கத்துப் பள்ளிகளைத் தேடிக்கொண்டிருந்தாள். பந்தயத்தில் தோற்றதாகவே எடுத்துக்கொண்டிருக்கிறாள். சொன்ன சொல் மாறாதவள். நான் பொட்டலத்தை அவள் முன்னால் வைத்தேன்.

பிரித்தாள். கால் கிலோ பேடா.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். கணினியை மூடினாள். ஒரு பேடாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணைத் துடைத்தபடி உள்ளறைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்.

"ஓவியா, இங்க வா, ஸ்வீட் எடுத்துக்கோ. அப்பா ஊருக்கு வந்துட்டாரு."